அப்பா பாதி ஜெபத்தில் எழுந்து போனது எதற்காக

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, உங்கப்பாவுக்கு ஷீபாவைப் பிடிக்காமல் இல்லை, அவருக்கு ப்ராஸ்டேட் வீங்கியிருந்தது. இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று நானும் பார்க்கிறேன், நீ "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மெசேஜ் அனுப்பினாயே, "கல்யாணத்துல என் பக்கத்துல பெரியப்பா நிக்கட்டும், அப்பா வந்து மறுபடியும் பாதியில எழுந்து போக வேணாம்" என்று, அதை உங்கப்பாவும் படித்தார். மாடிக்குப் போய்க் காய்ந்த துணியெல்லாம் எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். அவர் துணி மடித்து இந்த வீட்டில் நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா? அதைப் பார்த்த பிறகு எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. நான் படித்தது கிராமத்துப் பள்ளிக்கூடம்தான், ஆனாலும் ஆண்டவர் செய்த நன்மைகளைச் சபைப் பத்திரிகைக்குச் சாட்சியாக எழுதிப் பழகின கை. இதையும் அதிலேயே போடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். முகமெல்லாம் சிவந்துபோய்க் காற்றாடியை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், "போடு. கடைசி பெஞ்ச்ல உக்காந்திருக்கறவங்க அத்தனை பேரும் படிக்கட்டும். பேரை மட்டும் போட்டுத் தொலைச்சிடாத" என்றார். பேர் போடாவிட்டால் மட்டும் தெரியாதா, நம் சபையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுகிறவர் ஒருத்தர்தானே!

நீ சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து உங்கப்பா பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடினவர். அவர் ஒருநாள் திடீரென்று போய்க் கடைசி பெஞ்சில், பக்கவாட்டுக் கதவை ஒட்டி உட்கார்ந்தார். பிரசங்கம் பாதியில் எழுந்து போவார், திரும்பி வருவார், திருவிருந்து நேரத்தில் மறுபடியும் காணாமல் போவார். சபை சும்மா இருக்குமா? "என்னக்கா, உங்க வீட்டுக்காரருக்குப் பிரசங்கம் கசக்குதா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர் வேறு ஏதோ ஜெபக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்றுகூடப் பேசினார்கள். கடைசியில் பாஸ்டரே வீடு தேடி வந்துவிட்டார். "ஐயாவுக்கு ஆவிக்குரிய சோர்வு ஏதாவது இருக்குதாம்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு, இவர் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். பாஸ்டருடைய ஜெபம் உனக்குத் தெரியுமே, உலகத்தில் உள்ள எல்லா நாட்டையும் தொட்டுவிட்டுத்தான் தாம்பரத்துக்கு வரும். உங்கப்பா இந்தக் காலில் அந்தக் காலில் மாறி மாறி நின்று பார்த்தார். பாஸ்டர் ஆமென் என்று சொல்லிக் கண்ணைத் திறந்தால் அவர் கைக்குக் கீழே தலையில்லை. இவர் ஆமென் சொன்ன சத்தம் பாத்ரூமுக்குள் இருந்து கேட்டது.

இது சூடு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நம் ஊரில் சூடு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம். இளநீர், மோர், வெந்தயத் தண்ணீர், பார்லிக் கஞ்சி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பாவம் மனுஷன், ஏற்கெனவே நாலு தடவை ஓடுகிறவரை நாங்கள் எட்டுத் தடவை ஓட வைத்தோம். உள்ளே போனாலும் உடனே வராதாம். நின்று நின்று பார்த்து, முக்கி, நூல் மாதிரி கொஞ்சம் வரும், நின்றுபோகும், மறுபடியும் சொட்டும், வெளியே வந்தால் இன்னும் பாதி உள்ளேயே இருக்கிற மாதிரி இருக்குமாம். இதையெல்லாம் அவர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் தனக்குத்தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்: வீட்டைவிட்டு வெளியே போனால் தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் கீழ்க்கட்டளை வரைக்கும் போய்விட்டு நாக்கு வறண்டு வருவார், யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் "இப்பதான் குடிச்சேன்" என்பார். சர்பத்தோ மோரோ காபியோ, அவருக்கு எல்லாமே இப்போதுதான் குடித்ததாகிவிடும்.

இப்போது உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். மேடவாக்கத்தில் ஷீபா வீட்டு ஹால் உனக்கு நினைவிருக்கும். பட்டுப்புடவை கட்டின பெண்கள் இரண்டு பக்கமும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப்பக்கம் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அவர்களுடைய கத்தோலிக்கப் பங்குச்சாமியார் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த ஒரே பாத்ரூம் அவருடைய முதுகுக்குப் பின்னால். இத்தனை பெண்களைத் தாண்டி, ஜெபிக்கிற சாமியாரை நகரச் சொல்லி, சம்பந்தி வீட்டில் முதல் நாள் உங்கப்பா அந்தக் கதவைத் திறக்க வேண்டும். மோதிரத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவரும்போது அவர் எழுந்து வாசல் பக்கமாகப் போய்விட்டார். ரோட்டைத் தாண்டி இருந்த பெட்ரோல் பங்குக்கு ஓடியிருக்கிறார். அங்கேயும் ஒன்றுக்கு வருவதற்கு நேரம் ஆகியிருக்கிறது. அவர் திரும்பி வரும்போது மோதிரம் போட்டு முடிந்து, போட்டோவும் எடுத்து முடிந்துவிட்டது. ஷீபாவின் பெரியம்மா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஏன், எங்க சாமியார் ஜெபம் பண்ணா சம்பந்திக்கு ஆகாதாமா?" என்று கேட்டார். நீ கேட்டுக்கொண்டுதான் நின்றாய்.

வீட்டுக்கு வந்து நீ போட்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டது. "ஆர்.சி. பொண்ணுன்னா ஒரு ஜெபத்துக்குக் கூட உக்கார மாட்டீங்களாப்பா? அவ்ளோ பெரிய பரிசுத்தவானா நீங்க?" என்று கேட்டாய். உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டு, "வெளிய ஒரு வேலை இருந்துச்சு" என்றார். பெட்ரோல் பங்குக்கு ஓடியதை எனக்குக்கூட அன்றைக்கு அவர் சொல்லவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு நாவலூரில் சிநேகிதர்களோடு தங்கப் போய்விட்டாய். எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது தம்பி, ஒரு மனுஷனுக்கு வெட்கம் என்பது எவ்வளவு பெரிய பூட்டு! ஒன்றுக்கு வந்துவிட்டது என்று பெற்ற மகனிடம் சொல்வதைவிட, வேற்று சபைக்காரரைப் பிடிக்காதவன் என்று பேர் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் சண்டே ஸ்கூல் விழா. இவருக்கு நல்ல ஜலதோஷம், தொண்டை கட்டியிருந்தது. தாத்தா குரல் உடைந்துவிடக் கூடாது என்று மெடிக்கல் ஷாப்பில் தானே போய்ச் சளி மாத்திரை வாங்கி, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று போட்டுக்கொண்டார். சிவப்பு வெல்வெட் சட்டை, வயிற்றில் தலையணை, மேலே பெல்ட், பஞ்சுத்தாடி. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார், குனிந்தார், என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பின்னால் அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே போய் ரொம்ப நேரம் கழித்துக் கதவைத் திறந்து, "ஒரு சொட்டுகூட வரலடி" என்றார். தாடிக்கு மேலே முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெல்ட்டைக் கழற்றித் தலையணையை உருவினேன். தலையணையை எடுத்த பிறகும் வயிறு இறங்கவில்லை. தொப்புளுக்குக் கீழே கல் மாதிரி நின்றது. ஏதோ ஒரு பெரிய விஷயத்துக்கு முன்னால் நிற்கிறேன் என்று தெரிந்தது.

உடை மாற்றவெல்லாம் நேரமில்லை. தெருவில் வந்த முதல் ஆட்டோவை நிறுத்தி அப்படியே ஏற்றினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, தாத்தாவுக்கு இன்னா ஆச்சு? ஆட்டம் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று சிரித்தார். "அண்ணே, காலையிலேருந்து ஒண்ணுக்கே போவல, உயிர் போவுது, சீக்கிரம் போங்க" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. "எங்க அப்பாவுக்கும் இப்டிதான் அடைச்சிகினு பேஜாராயிடுச்சு. நீ கெட்டியா புடிச்சிக்க தாத்தா, பள்ளம் மேடு பாத்து வுடறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பள்ளத்தில்கூட விடாமல், தாம்பரம் டிராபிக்கில் பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் நம் ஷீபா வயதுதான் இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், மெல்லிசாக ஒரு டியூபை எடுத்தாள். திரையை இழுத்துவிட்டார்கள், நான் வெளியே ஜெபித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாக்கியம் ஜெபித்திருக்க மாட்டேன், உள்ளேயிருந்து உங்கப்பா "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கத்தினார். முப்பது வருஷமாகச் சபையில் அவர் ஸ்தோத்திரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இது வேறு. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன் தம்பி, பை நிறைந்து இன்னொரு பையும் மாற்றினார்கள். அந்த வயிறு என் கண்முன்னால் இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டுக்கு ஜெபித்திருக்கிறேன், மழைக்கு ஜெபித்திருக்கிறேன், உன் பரீட்சைக்கு ஜெபித்திருக்கிறேன். உடம்பிலிருந்து தண்ணீர் பிரிந்து போகிறதே, அதற்கு ஒருநாளாவது நன்றி சொல்லியிருக்கிறேனா? கேட்காமலேயே தினமும் நடந்துகொண்டிருந்த அதிசயம் அது.

மறுநாள் யூராலஜி டாக்டர் வந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூத்திரப்பைக்குக் கீழே, தண்ணீர் வெளியே வருகிற குழாயைச் சுற்றி, ஆம்பளைகளுக்கு மட்டும் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். அதுதான் ப்ராஸ்டேட். வாலிபத்தில் நெல்லிக்காய் அளவு இருக்கிறது வயதாக ஆகத் தானாகவே வளருமாம். தலை நரைக்கிற மாதிரி, நிறைய பேருக்கு வளரும், சிலருக்குத் தொந்தரவு கொடுக்கும், சிலருக்குக் கொடுக்காது. உங்கப்பாவுக்கு எலுமிச்சம்பழத்தையும் தாண்டிவிட்டது. அது நடுவில் இருக்கிற குழாயை நெருக்கிவிடுகிறது. "இது கேன்சரா டாக்டர்?" என்று கேட்டேன், கேட்கும்போதே அழுதுவிட்டேன். "இந்த வீக்கம் கேன்சர் இல்லம்மா. ஆனா அதே இடத்துல அதுவும் வரலாம், அறிகுறியை வெச்சு மட்டும் சொல்ல முடியாது, அதனால பரிசோதிச்சுப் பாத்துடுவோம்" என்று ரத்தம் எடுத்தார்கள், பின்வழியாக விரல் விட்டும் பார்த்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். ஆண்டவர் கிருபை, அதில் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் போக வழியில்லாமல் மேலே ஏறி, கிட்னி இரண்டும் லேசாக வீங்கியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தா கிட்னி போயிருக்கும் சார்" என்று டாக்டர் அவரிடம் நேராகவே சொன்னார். அப்புறம்தான் சளி மாத்திரை விஷயம் வெளியே வந்தது. சில சளி மாத்திரைகள் அந்தக் குழாயின் வாயை இறுக்கிவிடுமாம், ஏற்கெனவே நெருக்கத்தில் இருக்கிறவர்களுக்கு முழுசாக அடைத்துவிடுமாம். நமக்கு மாத்திரை என்றால் மூக்குக்கும் தொண்டைக்கும்தான் போகும் என்று நினைப்பு.

முதலில் மாத்திரைதான் கொடுத்தார்கள். ஒன்று அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிற மாத்திரை, அதைப் போட்டால் படுக்கையிலிருந்து சடாரென்று எழுந்திருக்கக் கூடாது, தலை சுற்றும். இன்னொன்று சுரப்பியையே மெதுவாகச் சுருக்குகிறது, அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகுமாம். நிறைய பேருக்கு இதுவே போதும் என்றார் டாக்டர். சில நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்த்தார்கள், உங்கப்பாவுக்கு மறுபடியும் அடைத்துக்கொண்டது. கிட்னியும் வீங்கியிருந்ததால் ஆபரேஷன் என்று முடிவானது. உன்னிடம் மட்டும் ஹெர்னியா, குடலிறக்கம் என்று சொல்லிவைத்தோம். நீ போன் ஆப்பில் ஆர்டர் போட்டுப் பழக்கூடை அனுப்பினாய். உங்கப்பா அந்தக் கூடையை வார்டில் எல்லோருக்கும் காட்டி, "என் பையன் அனுப்பினது" என்றார்.

ஆபரேஷன் என்றால் வயிற்றைக் கிழிப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு கீறல்கூட இல்லை தம்பி! முதுகில் ஊசி போட்டுவிட்டு, தண்ணீர் வருகிற அதே வழியாக ஒரு கருவியை விட்டு, அதன் நுனியில் விளக்கும் கேமராவும் வைத்து, உள்ளே வளர்ந்து மறித்துக்கொண்டிருந்ததைச் சின்னச் சின்னதாகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இவர் முழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டர், "பாக்கறீங்களா சார்?" என்று டிவியைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள ஒரு பெரிய மண்டபம் மாதிரி இருக்குதுடி. சுவரெல்லாம் தூண் தூணா நிக்குது" என்றார். மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். டாக்டர் உண்மைதான் என்றார். அடைப்பை மீறித் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, மூத்திரப்பையின் தசையெல்லாம் தடித்துப்போய், மூட்டை தூக்குகிறவர் தோள் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்குமாம். நினைத்துப் பார். இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தப் பை மட்டும் உள்ளே இருட்டில் இவருக்காகப் போராடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு நான் மண்டியிட்டு ஜெபிக்கப் போனேன், வார்த்தையே வரவில்லை. எனக்கு வார்த்தை வரவில்லை என்றால் நீ நம்பமாட்டாய்.

அந்த வார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டிலிலும் தலை நரைத்த ஆம்பளைகள், எல்லோர் பக்கத்திலும் ஒரு பை தொங்கியது. ரிடையரான ஹெட்மாஸ்டர் ஒருவர், பெரும்பாக்கத்திலிருந்து ஒருவர், கடற்கரைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன்பிடிக்கிற ஒரு பெரியவர். காலையில் குட்மார்னிங் சொல்வதற்குப் பதிலாக ஒருவர் பையை ஒருவர் பார்த்து, "சார், உங்களுது இன்னிக்கு நல்லா தெளிஞ்சிடுச்சு" என்று வாழ்த்திக்கொள்வார்கள். முதலில் செக்கச்செவேல் என்று இருந்தது வெளுத்து வெளுத்துத் தண்ணீராக ஆகும். மீன்காரப் பெரியவருக்கு டியூப் எடுத்த அன்று வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாத்ரூமிலிருந்து, "வந்துடுச்சு! வந்துடுச்சுபா!" என்று சத்தம். ஹெட்மாஸ்டர் கைதட்டினார். அவர் வெளியே வந்து, "இத்தினி வருசம் கடல் மேலயே கெடந்தேன் சார். ஒரு சொட்டு தண்ணிக்கு அழ வெச்சிட்டான் பாரு ஆண்டவன்" என்றார். உங்கப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு டியூப் எடுத்தபோது அந்தப் பெரியவர்தான் கதவுக்கு வெளியே நின்று, "முக்காத அண்ணா, அதுவா வரும், அதுவா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தது. அந்தச் சத்தத்தை வெளியிலிருந்து கேட்டுவிட்டு நான் சிரித்த சிரிப்பும் அழுத அழுகையும் ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இப்போது நன்றாக இருக்கிறார். ஆரம்பத்தில் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் அவசரம் இருந்தது, அது குறைந்துவிட்டது. கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், சிலிண்டரை நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும்தான் நகர்த்தினோம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கிறார். ஆம்பளைகள் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறு சில விஷயங்களையும் டாக்டர் ஆபரேஷனுக்கு முன்பே எங்கள் இருவரையும் உட்கார வைத்து மறைக்காமல் சொன்னார், அதை ஒரு அம்மா மகனுக்கு எழுத முடியாது, உனக்குத் தேவைப்படும் வயதில் நீயே டாக்டரிடம் கேட்டுக்கொள். கேட்பாய் இல்லையா? உனக்கு அந்த வயது வரும்போது நூல் மாதிரி வந்தாலும், நின்று நின்று வந்தாலும், சூடு என்று தொப்புளில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்காராதே. ஷீபாவிடம் சொல். அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்.

போன வாரம் உங்கப்பா பாடகர் குழுவில் பழைய இடத்தில் போய் நின்றார். பிரசங்கம் முழுக்க அசையவில்லை. அவ்வளவு நீளப் பிரசங்கம், எனக்கே கால் மரத்துப்போனது. ஈஸ்டர் முடிந்து உன் கல்யாணம். அவர்கள் கோயிலில் பூசை எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பேன் என்கிறார். பெரியப்பா நிற்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர் நல்ல மனுஷன். ஆனால் உன் பக்கத்தில் நிற்க வேண்டியவர் யார் என்று நீ யோசித்துப் பார். இதைப் படித்துவிட்டு அவரிடம் வந்து ப்ராஸ்டேட் பற்றி எதுவும் கேட்காதே, துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்காதே. "அப்பா, நீங்க நில்லுங்க" என்று சொல், அது போதும்.

எழுதி முடித்துவிட்டேன் என்று பேனாவை மூடினால் இப்போதுதான் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு மேடவாக்கத்தில் அவர் பெட்ரோல் பங்கிலிருந்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது, அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களே, ஷீபா மட்டும் எழுந்து உள்ளே போய் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க மாமா" என்று நீட்டினாள். இப்போதுதான் குடித்தேன் என்று அவர் சொல்லவில்லை தம்பி. இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.